ஐந்து லட்சமும் ஏழு இருக்கையும்

என் மைத்துனர் வீட்டில் ஆறு பேர். அவர், மனைவி, இரண்டு பிள்ளைகள், என் மாமனார், மாமியார். மாசி சிவராத்திரிக்கு உசிலம்பட்டியைத் தாண்டி இருக்கும் குலதெய்வக் கோயிலுக்குப் போக ஆண்டுதோறும் வாடகை வண்டி பிடித்துச் சலித்துப்போன அவர், கடந்த ஐப்பசியில் பழைய கார் ஒன்றை வாங்கிவிடுவது என்று முடிவெடுத்தார். கையில் ஐந்து லட்சம். மனத்தில் டொயோட்டா இன்னோவா. மதுரை பைபாஸ் சாலையில் பழைய வண்டி விற்கும் ஆட்டோ கன்சல்டிங் கடைகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சுற்றிவிட்டு, மாலையில் முகம் வாடி என் வீட்டுக்கு வந்தார்.

"என் மகளைவிட வயதில் மூத்த வண்டி அத்தான். அதற்கு ஐந்து லட்சம் கேட்கிறார்கள். குறைக்கவும் மாட்டேன் என்கிறார்கள்" என்றார்.

வாகனக் காப்பீட்டுக் கோப்புகளைப் பார்ப்பதுதான் எனக்கு வேலை. விபத்தில் நசுங்கியது, வெள்ளத்தில் மூழ்கியது என்று மாதம் நூறு வண்டிகளின் காகிதங்கள் என் மேசையைக் கடந்து போகும். அந்தப் பழக்கத்தில் அவருக்குச் சொன்னதையும், பிறகு அவரோடு கடைகடையாக ஏறி இறங்கியதில் நானே கற்றுக்கொண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அவருடைய கேள்வி: பழைய இன்னோவாவுக்கு ஏன் இவ்வளவு விலை? இன்னோவா 2005-இல் குவாலிஸுக்குப் பதிலாக வந்தது. 2016-இல் கிரிஸ்டா வரும்வரை அதே 2.5 லிட்டர் டீசல் இன்ஜின்தான் அதன் முதுகெலும்பு. மதுரையைச் சுற்றி ராமேஸ்வரம், கொடைக்கானல், மூணாறு, சபரிமலை, கன்னியாகுமரி என்று எல்லாத் திசையிலும் சவாரி உண்டு. டிராவல்ஸ் வைத்திருப்பவருக்கு கார் என்பது உழவனுக்கு மாடு மாதிரி. இன்ஜினைப் பிரிக்காமல் மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு அவர் எவ்வளவு கொடுத்தாலும் வாடகையில் எடுத்துவிடுவார். நீங்கள் வாங்காவிட்டால் அவர் வாங்குவார் என்பது கன்சல்டிங்காரருக்குத் தெரியும். அதனால்தான் அவர் குறைப்பதில்லை. அதாவது, பழைய இன்னோவாவின் விலையை ஏற்றுவது மாதம் ஐயாயிரம் கிலோமீட்டர் ஓட்டுகிறவர். ஆண்டுக்கு எட்டாயிரம் ஓட்டப்போகும் என் மைத்துனர் அந்த உழைப்புத் திறனுக்குக் காசு கொடுத்துவிட்டு, அதைப் பயன்படுத்தாமலேயே போர்ட்டிகோவில் நிறுத்தி வைத்திருப்பார்.

அதே டிராவல்ஸ் தொழில்தான் இந்தச் சந்தைக்குச் சரக்கும் அனுப்புகிறது. மஞ்சள் போர்டில் ஓடிக் களைத்த வண்டியை, வரி கட்டி வெள்ளை போர்டுக்கு மாற்றி விற்பது சட்டப்படி சரியானதே. சொல்லி விற்றால் தவறில்லை. சொல்லாமல் விற்பதுதான் வழக்கம். மீட்டர் எண்பதாயிரம் காட்டும். ஆனால் கிளட்ச் மிதியின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்கும். ஓட்டுநர் இருக்கையின் வலப்பக்க விளிம்பு, ஏறி இறங்கி ஏறி இறங்கிப் பஞ்சு அமுங்கிக் கிடக்கும். வாடகை வண்டிகளுக்குக் கட்டாயமான 80 கி.மீ. வேகக் கட்டுப்பாட்டுக் கருவியைக் கழற்றிய இடத்தில் வெட்டி ஒட்டிய ஒயர் தெரியும். நாங்கள் பார்த்த ஒரு வண்டியின் நம்பர் பிளேட்டுக்குப் பின்னால், பம்பரின் மடிப்பில், கால் அங்குலத்துக்கு மஞ்சள் பெயின்ட் இருந்தது. காட்டியபோது கடைக்காரர் சிரித்துவிட்டு டீ சொன்னார்.

இன்னொரு செலவை யாரும் வாங்கும் நாளில் நினைப்பதில்லை. நம் வண்டியால் மற்றவருக்கு நேரும் பாதிப்புக்கான மூன்றாம் தரப்புக் காப்பீட்டின் ஆண்டுக் கட்டணம் இன்ஜின் அளவைப் பொறுத்தது. 2022 ஜூனில் நிர்ணயித்தபடி 1,000 சி.சி. வரை 2,094 ரூபாய், 1,500 சி.சி. வரை 3,416 ரூபாய், அதற்கு மேல் 7,897 ரூபாய். இன்னோவா மூன்றாவது படியில் நிற்கிறது, மாருதியின் ஏழு இருக்கை வண்டியான எர்டிகா இரண்டாவதில். வண்டிக்குப் பதினைந்து வயதானால் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலுக்கு முன் 600 ரூபாயாக இருந்த கட்டணம் இப்போது 5,000. 2011 மாடலை இன்றைக்கு வாங்குகிறவர் அந்த வாசலில் நின்றுகொண்டுதான் வாங்குகிறார்.

இனி இன்னோவாவை விட்டுவிடுவோம். டிராவல்ஸ்காரர் அதிகம் கை வைக்காத ஏழு இருக்கை வண்டிகள் எவை? இங்கேதான் விலை சட்டென்று இறங்குகிறது, பயமும் கூடவே வருகிறது. செவ்ரோலே என்ஜாய் 2013-இல் வந்தது. 2017-ஆம் ஆண்டோடு அந்த நிறுவனம் இந்தியாவில் விற்பனையையே நிறுத்திக்கொண்டது. ஹோண்டா மொபிலியோ 2014 முதல் மூன்றே ஆண்டு. ரெனோ லாட்ஜி 2015-இல் வந்து 2020-இல் போனது. "பார்ட்ஸ் கிடைக்காது" என்ற ஒரே வரியில் ஊர் இவற்றை ஒதுக்கிவிடும். அது பாதி உண்மை. இந்த வண்டிகளுக்கு அனாதைப் பெயர் இருந்தாலும் இன்ஜினுக்குச் சொந்தபந்தம் நிறைய உண்டு. என்ஜாய் டீசலில் இருப்பது ஃபியட்டின் 1.3 லிட்டர் இன்ஜின். சுவிஃப்ட், டிசையர், எர்டிகா டீசல்களிலும் அதே குடும்பம்தான் ஓடியது. அதைப் பிரித்துப் பூட்டத் தெரியாத மெக்கானிக் மதுரையில் இருக்க முடியாது. லாட்ஜியின் 1.5 டீசல், டஸ்டரில் ஓடியது. மொபிலியோவின் பெட்ரோல் இன்ஜின் சிட்டியிலும், டீசல் இன்ஜின் சிட்டி, அமேஸ் இரண்டிலும் ஓடியது. ஆகவே இன்ஜினுக்குப் பயப்பட வேண்டியதில்லை. பயப்பட வேண்டியது முகப்பு விளக்குக்கும் பம்பருக்கும் கதவுக் கண்ணாடிக்கும். மாட்டுத்தாவணியில் ஒரு ஆட்டோ லேசாக உரசி விளக்கு உடைந்தால், அந்த மாடலுக்கே உரிய அந்த விளக்கைத் தேடிச் சென்னைக்கும் கோவைக்கும் போன் போட வேண்டியிருக்கும்.

பத்து ஆண்டு வைத்துக்கொள்ளப்போகிறவர், நல்ல நிலையில் ஒரு மொபிலியோ பெட்ரோல் கிடைத்தால் தயங்க வேண்டாம் என்பது என் கருத்து. மறுவிற்பனையில் விலை போகாது என்பார்கள். அந்த நஷ்டத்தை முதல் ஆள் ஏற்கெனவே பட்டுவிட்டார். அதனால்தான் உங்களுக்கு மலிவாக வருகிறது. என் மைத்துனருக்கு இது பிடிக்கவில்லை. தெரு முழுக்க ஓடும் வண்டிதான் வேண்டும் என்றார். அதிலும் நியாயம் இருக்கிறது.

டீசலா பெட்ரோலா என்ற பழைய சண்டையை ஒரு துண்டுக் காகிதத்தில் முடித்தோம். ஆண்டுக்கு 8,000 கி.மீ. பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 13 கொடுத்தால் சுமார் 615 லிட்டர். லிட்டர் 102 ரூபாய் என்று வைத்தால் 62,700 ரூபாய். டீசல் 17 கொடுத்தால் 470 லிட்டர். 93 ரூபாய் வீதம் 43,700. மிச்சம் ஆண்டுக்கு 19,000. டீசல் வண்டிக்கு ஒரு லட்சம் கூடுதலாகக் கேட்டால் அதை எடுக்கவே ஐந்து ஆண்டுக்கு மேல் ஆகும். இடையில் இன்ஜெக்டரோ டர்போவோ ஒரு தடவை கை கொடுக்க மறுத்தால் கணக்கு தலைகீழ். 2020 ஏப்ரலுக்குப் பின், பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல்களில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி வேறு இருக்கிறது. வீட்டிலிருந்து பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத்திலிருந்து கோரிப்பாளையம் என்று சூடேறாமலே அணைக்கப்படும் வண்டியில் அது அடைத்துக்கொள்ளும். தினமும் திண்டுக்கலோ விருதுநகரோ போய்வருகிறவர் டீசலைப் பார்க்கட்டும்.

டெல்லிப் பக்கத்திலிருந்து வரும் மலிவு டீசல்களையும் ஒரு கடையில் காட்டினார்கள். அங்கே பத்து ஆண்டு கடந்த டீசலுக்கு விதித்திருந்த தடையால் தெற்கே தள்ளிவிடப்பட்டவை. அங்கிருந்து தடையில்லாச் சான்று, இங்கே புதிய பதிவு எண், தமிழ்நாட்டு வரி எல்லாம் சேர்ந்தால் மலிவு கரைந்துவிடும்.

இடவசதிக்கு வருவோம். விளம்பரத்தில் ஏழு இருக்கை என்றால் நாம் ஏழு பெரியவர்களைக் கற்பனை செய்கிறோம். பெரும்பாலான வண்டிகளில் மூன்றாவது வரிசை பள்ளிப் பிள்ளைகளுக்கானது. அதைவிட முக்கியம், மூன்றாவது வரிசை நிமிர்ந்திருக்கும்போது டிக்கியில் என்ன மிஞ்சும் என்பது. முதல் எர்டிகாவில் 135 லிட்டர், 2018 நவம்பரில் வந்த இரண்டாவதில் 209, ரெனோவின் சின்ன ஏழு இருக்கை வண்டியான டிரைபரில் 84. எண்பத்து நாலு லிட்டரில் இரண்டு கைப்பைகள் நிற்கும், பொங்கல் பானை நிற்காது. டிரைபரில் அந்த வரிசையையே கழற்றி வீட்டில் வைத்துவிடலாம், அப்போது 625 லிட்டர் கிடைக்கும். ஐந்து பேர் குடும்பத்துக்கு அது சாமர்த்தியமான ஏற்பாடு. ஆனால் ஏழு பேரையும் ஏற்றிக்கொண்டு வத்தலக்குண்டு தாண்டிக் கொடைக்கானல் மலை ஏறும்போது, அதன் 999 சி.சி. இன்ஜின் மூச்சு வாங்கும். டிரைபர் பார்க்கிறவர்கள் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களின் ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்து, புது வண்டியின் விலையே இறங்கியிருக்கிறது. பழைய வண்டிக்காரர் இறங்குவதற்கு முந்தைய விலையை வைத்துப் பேசினால், புது விலைப் பட்டியலை எடுத்துக் காட்டுங்கள்.

கடைக்குப் போகும்முன் வீட்டில் ஒரு டேப் எடுத்துப் போர்ட்டிகோவை அளந்துகொண்டோம். கேட்டைச் சாத்த வேண்டுமே. டிரைபர் நான்கு மீட்டருக்குள் அடங்கும், முதல் எர்டிகா 4,265 மில்லிமீட்டர், இரண்டாவது 4,395, கிரிஸ்டா 4,735. மைத்துனர் வீட்டுப் போர்ட்டிகோ கிரிஸ்டாவை வைத்தால் நம்பர் பிளேட் தெருவில் நிற்கும் அளவு.

இரண்டாவது ஞாயிறு மாமியாரையும் அழைத்துப் போனோம். கார் பார்க்கப் போகும்போது வீட்டுக் கிழவியை யாரும் கூட்டிப்போவதில்லை. அது பெரிய தவறு. அத்தைக்கு இரண்டு முழங்காலிலும் வலி. சேசிஸ் சட்டத்தின் மேல் உடலை ஏற்றி வைத்த டவேரா, சைலோ, சுமோ போன்றவற்றில் தரை உயரம். அத்தை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, சேலையைச் சற்றுத் தூக்கி, ஒரு காலை வைத்து, மறுகாலை எடுக்க முடியாமல் அப்படியே நின்றுவிட்டார். எர்டிகாவில் பின்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து, காலை உள்ளே இழுத்துக்கொண்டார். "இது போதும்" என்றார். எங்கள் ஆராய்ச்சியில் முக்கால்வாசி அங்கேயே முடிந்தது. வண்டியைக் கிளப்பி நடு இருக்கையில் மத்தியான வெயிலில் பத்து நிமிடம் உட்காரவும் செய்தார். மதுரைச் சித்திரையில் பின்வரிசைக்குத் தனி ஏ.சி. இல்லாத ஏழு இருக்கை வண்டி ஒரு இட்லிச் சட்டி. அடிப்படை வகைகளில் அது இருக்காது.

இனி என் தொழில் சார்ந்த பகுதி. எல்லோரும் பானட்டைத் திறக்கச் சொல்வார்கள். நான் பழைய காப்பீட்டுப் பத்திரத்தைக் கேட்பேன். அதில் நோ கிளெய்ம் போனஸ் என்று ஒரு வரி உண்டு, காப்பீட்டுக் கட்டணத்தில் கிடைக்கும் தள்ளுபடி அது. இழப்பீடு கேட்காத ஒவ்வோர் ஆண்டுக்கும் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று அது ஏறும். ஒரு தடவை இழப்பீடு வாங்கினால் பூஜ்யத்துக்கு விழும். ஒரே ஆள் கையில் இருந்த எட்டு வயது வண்டியின் பத்திரத்தில் 50 இருந்தால், பெரும்பாலும் கடந்த ஐந்து ஆண்டு அந்த வண்டிக்காகக் காப்பீட்டுப் பணம் வாங்கப்படவில்லை என்று பொருள். 20 இருந்தால், ஓர் ஆண்டுக்கு முன்பு என்ன நடந்தது என்று கேளுங்கள். கடைக்காரர் "சின்ன கீறல்" என்பார். கம்பெனி சர்வீஸ் நிலையத்தில் பதிவு எண்ணைச் சொல்லிப் பழுதுபார்த்த வரலாற்றைக் கேட்டால், கீறலா கவிழ்ந்ததா என்று தெரியும். கைக்காசு போட்டு வெளியே டிங்கரிங் செய்திருந்தால் இந்த வலையில் சிக்காது. அதற்குக் கண்ணைத்தான் நம்ப வேண்டும்.

வெள்ளத்தில் நின்ற வண்டி இன்னும் மோசம். 2015 டிசம்பரில் சென்னை, 2023 டிசம்பரில் மறுபடி சென்னை, அதே மாதம் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. அப்படி மூழ்கிய கார்களில் பலவற்றை முழு இழப்பு என்று முடித்துப் பணம் கொடுத்துவிடுவார்கள். வண்டி ஏலத்துக்குப் போகும். ஏலத்தில் எடுத்தவர் கழுவி, உலர்த்தி, சீட் உறை மாற்றி வெளியூரில் விற்பார். தூத்துக்குடிக்கு வெளியூர் என்றால் முதலில் வருவது மதுரைதான். டி.என். 69, டி.என். 72 என்ற தூத்துக்குடி, திருநெல்வேலிப் பதிவு எண்ணைப் பார்த்ததுமே ஓடச் சொல்லவில்லை. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். தினமும் இரண்டடிதான் வெளியே வரும். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியை யாரும் கழுவுவதில்லை. நாங்கள் பார்த்த ஒரு வண்டி வெள்ளி நிறம், பளபளவென்று இருந்தது. எங்களுடன் வந்த மெக்கானிக் அண்ணன் பின் இருக்கையின் பெல்ட்டை இழுத்துக்கொண்டே போனார். கடைசி ஒரு முழத்தில், குறுக்கே கோடு போட்ட மாதிரி செம்பழுப்புக் கறை. ஸ்டெப்னியைத் தூக்கினால் அடியில் நைஸான வண்டல். அவர் ஒன்றும் பேசாமல் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். நவீன கார்களில் இருக்கைக்கு அடியிலும் ஒயர் முடிச்சுகள் ஓடுகின்றன. ஈரம் பட்டவை ஒரே நாளில் சாகாமல், ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஒன்றாகப் போகும்.

அண்ணனிடம் கற்ற மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். போனதும் பானட்டில் கை வைத்துப் பார்ப்பார். சூடாக இருந்தால் நம் வருகைக்கு முன்பே கிளப்பி வைத்திருக்கிறார்கள், குளிர்ந்த இன்ஜின் எப்படிக் கிளம்பும் என்பதை மறைக்கிறார்கள். கதவு ஓர ரப்பரைப் பிரித்தால், கம்பெனி போட்ட புள்ளி வெல்டிங் வரிசையாகக் குழிகுழியாகத் தெரிய வேண்டும். மழமழவென்றிருந்தால் அடிபட்ட இடத்தைப் பட்டி பூசி மறைத்திருக்கிறார்கள். டயரில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். மீட்டர் முப்பதாயிரம் காட்டும் வண்டியில் டயர் இரண்டாவது செட் என்றால் மீட்டரைச் சந்தேகியுங்கள். ரேடியேட்டரில் பச்சையோ சிவப்போ கூலன்ட் இல்லாமல் போர்வெல் தண்ணீர் இருந்தால், அந்த வண்டியை வைத்திருந்தவர் மற்றவற்றையும் அப்படித்தான் பார்த்திருப்பார். ஓட்டிப் பார்க்க நத்தம் சாலைப் பறக்கும் பாலம் வசதி: ஏழு கிலோமீட்டருக்கு மேல் தடையில்லாமல் போகலாம், ஏறும்போது கிளட்ச் வழுக்குகிறதா என்பதும் தெரியும்.

காகித வேலையில் பலர் கோட்டை விடுகிறார்கள். மோட்டார் வாகனச் சட்டப்படி விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். படிவம் 29-உம் 30-உம் அதற்குத்தான். நடைமுறையில் விற்றவரிடம் வெறும் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பெயர் மாற்றாமலே வண்டி இரண்டு மூன்று கை மாறும். அதனால் ஆர்.சி.யில் "சிங்கிள் ஓனர்" என்றிருப்பது ஒருவரே ஓட்டினார் என்பதற்குச் சாட்சி ஆகாது. விபத்து நடந்தால் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. எனவே விற்றவர் எங்கே இருக்கிறார் என்று கேளுங்கள். முடிந்தால் நேரில் பாருங்கள். கடன் இருந்த வண்டி என்றால் பைனான்ஸ் கொடுத்த தடையில்லாச் சான்றும், ஆர்.சி.யிலிருந்து கடன் குறிப்பை நீக்கும் படிவம் 35-உம் கைக்கு வராமல் முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள். பரிவாகன் செயலியில் எண்ணைப் போட்டால் கடன் குறிப்பும் கட்டாத அபராதமும் தெரியும். காப்பீட்டையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். மாற்றாவிட்டால் உங்கள் வண்டிக்கு நேரும் சேதத்துக்குப் பணம் வராது. இந்த ஒரு காரணத்தால் நான் திருப்பி அனுப்பிய கோப்புகளுக்குக் கணக்கில்லை. விற்றவருடைய போனஸ் உங்களுக்கு வராது, அது அவரோடு போய்விடும்.

தை மாதத்தில் 2014 மாடல் எர்டிகா பெட்ரோல் ஒன்று அமைந்தது. டி.என். 59 என்ற மதுரைப் பதிவு, அறுபத்தெட்டாயிரம் கி.மீ., பத்திரத்தில் 50 சதவீத போனஸ், விற்றவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். நான்கு லட்சத்து நாற்பதாயிரத்துக்கு முடிந்தது. மிச்சம் அறுபதாயிரத்தைத் தொடக்கூடாது என்று முதலிலேயே சொல்லி வைத்திருந்தேன். நான்கு டயர், பேட்டரி, முன்பக்க சஸ்பென்ஷன் புஷ், பெல்ட், எல்லா ஆயிலும் என்று முதல் மாதமே நாற்பத்தெட்டாயிரம் போனது. இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு, 2023-க்கு முந்தைய வண்டிகளில் ரப்பர் குழாய்களைக் கவனிக்க வேண்டும் என்று அண்ணன் அவற்றையும் மாற்றினார். மைத்துனர் வாங்கிய எர்டிகா வகையில் காற்றுப்பை கிடையாது. எனக்கு அது இன்னும் உறுத்தல்தான். ஓட்டுநருக்குக் காற்றுப்பை எல்லாப் புதுக் கார்களிலும் கட்டாயமானது 2019 ஜூலையில். அதற்குப் பிந்தைய எர்டிகா ஐந்து லட்சத்துக்குள் எங்களுக்கு அகப்படவில்லை.

சிவராத்திரிக்கு ஆறு பேரும் அதில்தான் போனார்கள். பிள்ளைகள் இருவரும் கடைசி வரிசையில், அத்தை நடுவில் ஜன்னலோரம். டிக்கியில் மாலையும் தேங்காய்ப் பையும் வைத்ததும் இடம் தீர்ந்தது. பானை, விறகு, கிடாய் மூன்றும் வாடகைக்குப் பிடித்த குட்டியானை வேனில் பின்னால் வந்தன. அதற்கு மைத்துனர் கொடுத்தது ஆயிரத்து எண்ணூறு ரூபாய்.